பந்தய கார்ட்டுக்கு ஃபிரேம் வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கோ-கார்ட் (தரையை ஒட்டி ஓடும் சின்னப் பந்தய வண்டி) பந்தயத்தில் இறங்க ஆசைப்பட்டு என்னிடம் வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான். "எந்த எஞ்சின் போட்டா நல்லா இழுக்கும்ணே?" என்பார்கள். அடுத்து டயர். இவை எல்லாவற்றையும் தாங்கும் பைப் சட்டமான ஃபிரேமைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யலாம், டயர் தேய்ந்தால் புதிது போடலாம், சீட்டை மாற்றலாம். ஃபிரேம் தப்பாக அமைந்துவிட்டால் மற்றவற்றுக்கு எவ்வளவு செலவு செய்தாலும் வண்டி வளைவில் சொன்ன பேச்சைக் கேட்காது.

புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்து புதிதாக வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பந்தயத் தரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் நாம் திண்டிவனம், செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோயில், ஒரகடம் வழியாக இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போக வேண்டும். இல்லையென்றால் சேலம் தாண்டிக் கோவை கரி மோட்டார் ஸ்பீடுவே வரை போக வேண்டும். தினமும் சாயங்காலம் போய் ஒரு ரவுண்டு அடித்துச் சரிபார்க்கும் வசதி நமக்கு இல்லை. அதனால் "வாங்கிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பது நமக்குக் கட்டுப்படியாகாது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: ஃபிரேம்தான் சஸ்பென்ஷன்

ஒரு கார்ட்டின் அடியில் குனிந்து பாருங்கள். ஷாக் அப்சார்பர் இருக்காது, ஸ்பிரிங் இருக்காது, வளைவில் இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலும் இருக்காது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்ஸிலில் இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும். 1956-இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ், புல்வெட்டும் இயந்திரத்துக்கான எஞ்சினை வைத்து முதல் கார்ட்டைக் கட்டிய காலத்திலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். ஆனால் ஒரே ஆக்ஸில் என்பதால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். இரண்டுமே தரையில் அழுந்தியிருந்தால் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும், வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். ஆகவே வளைவுக்குள் நுழைந்ததும் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு ஒரு நூலாவது எழும்ப வேண்டும்.

அதை எழுப்புவது ஸ்டியரிங். முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் போல்ட்டான கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வைத்தான் கேஸ்டர் என்கிறோம். அதனால் நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உள்பக்க முன்சக்கரம் கீழே அமுங்கும், வெளிப்பக்க முன்சக்கரம் மேலே ஏறும். ஒரு மர நாற்காலியின் ஒரு காலுக்கு அடியில் செங்கல் துண்டை வைத்துப் பாருங்கள், பக்கத்துக் கால் ஒன்று அந்தரத்தில் நிற்கும். அதே செங்கலைப் பழைய கயிற்றுக் கட்டிலின் காலுக்கு அடியில் வையுங்கள். சட்டம் முறுகிக்கொடுக்கும், நான்கு கால்களும் தரையிலேயே இருக்கும். விறைப்பான ஃபிரேம் நாற்காலி மாதிரி, சக்கரத்தைச் சட்டென்று தூக்கும். இளக்கமான ஃபிரேம் கட்டில் மாதிரி, முதலில் முறுகும், பிறகுதான் தூக்கும். வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது அந்த முறுக்கு மீண்டு, சக்கரம் தடதடக்காமல் தரையிறங்க வேண்டும்.

ஆக, நீங்கள் கடையில் பார்ப்பது வெறும் பைப் கூடு இல்லை. உங்கள் எடைக்கும் உங்கள் டயருக்கும் பொருந்த வேண்டிய ஒரு பெரிய ஸ்பிரிங். இனி வரும் எல்லாமே இதிலிருந்து கிளைப்பதுதான்.

படி 1: எந்தப் பிரிவில் ஓட்டப் போகிறீர்கள்?

ஃபிரேமைப் பார்க்கும் முன் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். நம் நாட்டில் கார்ட் பந்தயங்கள் இந்திய மோட்டார் பந்தயக் கழகங்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் கீழ் வருகின்றன. ஓட்டுநருக்கு அதன் லைசென்ஸ் வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் எஞ்சின், டயர், குறைந்தபட்ச எடை, அனுமதிக்கப்பட்ட ஃபிரேம் எல்லாம் தனித்தனி. பல பிரிவுகளில் சர்வதேச கார்ட்டிங் அமைப்பான சி.ஐ.கே.-எஃப்.ஐ.ஏ. அங்கீகரித்த ஃபிரேமைத்தான் ஏற்பார்கள். அங்கீகார எண் பதித்த தகடோ முத்திரையோ பெரும்பாலும் பின்பக்கக் குறுக்கு பைப்பில் இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அளவும் பிரிவைப் பொறுத்தது. பெரியவர்களுக்கான ஃபிரேம்களில் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட நீளம், பெரும்பாலும் 1040 முதல் 1050 மி.மீ. இருக்கும், பின் ஆக்ஸில் 50 மி.மீ. குழாயாக இருக்கும். சிறுவர் ஃபிரேம்களில் வீல்பேஸ் 950 மி.மீ. அருகில், ஆக்ஸில் 30 மி.மீ. என்பது பரவலான அளவு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பள்ளிச் சீருடையை வளர்த்திக்குச் சேர்த்துத் தைப்பதுபோல், "வளர்ற பிள்ளைதானே" என்று பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய ஃபிரேம் வாங்காதீர்கள். அந்த எடையால் பெரிய ஃபிரேமை முறுக்கவே முடியாது. வண்டி திரும்பாது, பிள்ளை ஸ்டியரிங்கோடு போராடிக் கையும் விலாவும் வலித்து, "எனக்கு இது வேண்டாம்" என்று இறங்கிவிடும். அப்படி இறங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

வாடகைக்கு விடும் கார்ட்டின் ஃபிரேமைப் பந்தயத்துக்கு மாற்றலாமா என்றும் கேட்பார்கள். வேண்டாம். அது முட்டல் மோதலைத் தாங்கக் கட்டப்பட்டது. சுற்றிலும் பம்பர், கனம் அதிகம். அதில் பழகுவது நல்லது, பந்தயம் ஓட்டுவது வீண்.

படி 2: உங்கள் எடை, உங்கள் டயர், பைப்பின் விட்டம்

தராசில் ஏறி நின்று எடை பாருங்கள். ஹெல்மெட், சூட், ஷூ, விலா எலும்புக் கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு பாருங்கள். அந்த எண் தெரியாமல் ஃபிரேம் தேடுவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது மாதிரி.

பந்தய ஃபிரேம்களின் முக்கியக் குழாய்கள் பொதுவாக 28, 30, 32 மி.மீ. வெளிவிட்டத்தில் வரும். சுவர் தடிமன் பெரும்பாலும் 2 மி.மீ. இரண்டு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். குழாயின் முறுக்கு விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கை வைத்துக் கணக்கிடப்படுவது. அதே 2 மி.மீ. சுவரோடு 30-இலிருந்து 32-க்குப் போனால் விறைப்பு ஏறக்குறைய 23 சதவீதம் கூடுகிறது. 28-இலிருந்து 32-க்குப் போனால் பாதிக்கும் மேல், சுமார் 53 சதவீதம். பேப்பரும் பேனாவும் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள்: வெளிவிட்டத்தின் நான்காம் அடுக்கு கழித்தல் உள்விட்டத்தின் நான்காம் அடுக்கு, அவ்வளவுதான்.

சரி, எது வேண்டும்? டயர் கடினமாகவும் டிராக் பிடிப்பு குறைவாகவும் இருந்தால் விறைப்பான ஃபிரேம் கைகொடுக்கும். எடையை வெளிச்சக்கரத்துக்குச் சட்டென்று தள்ளி டயரைத் தரையில் கடிக்க வைக்கும். டயர் மென்மையாகவும், தார் மீது ரப்பர் படிந்து பிடிப்பு அதிகமாகவும் இருந்தால் அதே விறைப்பு தொல்லை. உள்சக்கரம் தேவைக்கு மேல் எழும்பும், வண்டி வளைவில் தவளை மாதிரி குதிக்கும். அங்கே இளக்கமான ஃபிரேம்தான் நல்லது. கனமான ஓட்டுநர் இளக்கமான ஃபிரேமை அளவுக்கு மேல் முறுக்கிவிடுவார், ஆகவே அவருக்கு 32 பக்கம் சாய்வதில் நியாயம் இருக்கிறது.

டிராக்கில் பத்துப் பேரிடம் கேட்டால் பத்து விதமாகச் சொல்வார்கள். புதியவருக்கு என் யோசனை ஒன்றுதான்: நடுத்தர எடையென்றால் 30 மி.மீ. ஃபிரேமில் தொடங்குங்கள். கழற்றிப் பூட்டும் முன்பக்க டார்ஷன் பார் (விறைப்பைக் கூட்டும் குறுக்குக் கம்பி) இருக்கிறதா என்று பாருங்கள். பின் ஆக்ஸிலைத் தாங்க மூன்றாவது பேரிங் போட இடம் இருந்தால் இன்னும் நல்லது. இவற்றைப் போட்டும் எடுத்தும் விறைப்பைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். பிடிப்பு கூடக் குறைய இருக்கும் இரண்டு ஊர் டிராக்குகளில் ஓட்டப் போகும் நமக்கு அந்த வசதி அவசியம்.

எஞ்சின் சக்தி குறைந்த பிரிவில் ஓட்டுகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வளைவில் வேகம் இறந்துவிட்டால் சின்ன எஞ்சினால் அதை மீட்க முடியாது. அவருக்குப் பிடிப்பைவிட, வளைவு முடிந்ததும் தடையில்லாமல் உருண்டோடும் ஃபிரேம்தான் முக்கியம்.

படி 3: குரோமோலி என்றால் என்ன கிடைக்கிறது?

விற்கிறவர் "இது குரோமோலி, நல்லா ஸ்டிஃப்பா இருக்கும்" என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். சாதா எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பைப்பும், குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகான 4130 வகை குரோமோலியும் ஒரே அளவில் இருந்தால் விறைப்பும் ஏறக்குறைய ஒன்றே. எஃகு எந்த வகையாக இருந்தாலும் விறைப்பைத் தீர்மானிக்கும் மீள்தன்மைக் குணகம் சுமார் 200 கிகாபாஸ்கல்தான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. குரோமோலி அதிகம் வளைந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பும். எம்.எஸ். பைப் ஒரு கட்டத்துக்கு மேல் வளைந்தால் வளைந்ததுதான். ஒவ்வொரு வளைவிலும் முறுகி மீள வேண்டிய பொருளுக்கு அந்தக் குணம் வேண்டும். பந்தய ஃபிரேமை குரோமோலியில் கட்டுவதன் காரணம் அதுதான்.

படி 4: பழைய ஃபிரேமைச் சோதிப்பது

நம்மில் பெரும்பாலோர் முதலில் வாங்குவது பழையதைத்தான். அதில் தவறில்லை. நேராக இருக்கும் பழைய ஃபிரேம், கோணிய புது ஃபிரேமைவிட எவ்வளவோ மேல். ஆனால் சோதிக்க வேண்டும், பகலில் சோதிக்க வேண்டும்.

என் முதல் ஃபிரேமை வெளியூரில் ஒருவரிடம் ராத்திரி எட்டு மணிக்கு, செல்போன் வெளிச்சத்தில் பார்த்து வாங்கினேன். புதிதாக பவுடர் கோட்டிங் அடித்து மினுமினுப்பாக இருந்தது. ஓட்டினால் வலது வளைவில் அருமையாகத் திரும்பும், இடது வளைவில் மூக்கை நீட்டிக்கொண்டு வெளியே போகும். டயர் காற்றைக் கூட்டினேன், குறைத்தேன். சீட்டை நகர்த்தினேன். ஆக்ஸில் மாற்றினேன். நான்கு மாதம், ஒவ்வொரு முறையும் வண்டி வாடகை, டிராக் கட்டணம், பெட்ரோல். கடைசியில் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமாகச் சமப்படுத்திய மேடையில்) ஏற்றி அளந்தோம். இடது கிங்பின் வலதைவிட 4 மி.மீ. உயரத்தில் நின்றது. எங்கேயோ பலமாக இடித்த ஃபிரேம். அளந்த மிஸ்திரி ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, "இதை வாங்கறதுக்கு முன்னாடி இங்க கொண்டாந்திருக்கலாமே தம்பி" என்றார்.

அவர் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையைத்தான் இன்றும் பின்பற்றுகிறேன்.

முதலில் டேப். கிங்பின் போல்ட்டின் மையத்திலிருந்து பின் ஆக்ஸில் வரை இடப்பக்கம் ஒரு அளவு, வலப்பக்கம் ஒரு அளவு எடுங்கள். பிறகு குறுக்காக, இடது கிங்பின்னிலிருந்து பின் ஆக்ஸிலைத் தாங்கும் வலது பேரிங் ஹவுசிங் வரைக்கும், வலதிலிருந்து இடதுக்கும். ஜோடி அளவுகள் ஒத்துப்போக வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தை நான் பொறுத்துக்கொள்வேன், மூன்றைத் தாண்டினால் வாங்க மாட்டேன். அளக்கும் முன் கேஸ்டர் மாற்றும் வட்டுகள் இரண்டு பக்கமும் நடு நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் திருகி வைத்திருந்தால் நல்ல ஃபிரேமும் கோணலாகத் தெரியும், கோணல் ஃபிரேமும் நேராகத் தெரியும்.

அடுத்து ஆக்ஸில். நேரான ஆக்ஸிலைப் பேரிங்குகளின் வழியாகக் கையால் தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு நுழைய வேண்டும். சுத்தியலால் தட்டித்தான் உள்ளே போகிறது என்றால் பேரிங் ஹவுசிங்குகள் ஒரே கோட்டில் இல்லை.

பிறகு சமதளம். வீட்டு சிமென்ட் தரையை நம்பாதீர்கள், மொட்டை மாடியையும் நம்பாதீர்கள். தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள். சர்ஃபேஸ் பிளேட் உள்ள பட்டறை கிடைத்தால் உத்தமம். இல்லையென்றால் கிரானைட் கடையில் தடிமனான பாலிஷ் பலகையை ரசமட்டம் வைத்துச் சமமாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆக்ஸிலின் இரு முனைகளையும் ஒரே உயரக் கட்டைகளில் தாங்க வைத்து, முன்பக்கத்தை நடுவில் ஒரே கட்டையால் தாங்கி, இரண்டு கிங்பின் முனைகளின் உயரத்தையும் அளந்து பாருங்கள். முறுகல் இருந்தால் ஒளிய இடமே இல்லை.

இப்போது ஃபிரேமைக் கவிழ்த்துப் போடுங்கள். வளைவு ஓரக் கட்டைகளில் உரசி உரசி அடிப்பக்கப் பைப் தட்டையாகியிருக்கும். வெர்னியர் வைத்து ஒரே இடத்தில் பக்கவாட்டில் ஒரு அளவு, மேல்கீழாக ஒரு அளவு எடுங்கள். பக்கவாட்டில் 30, மேல்கீழாக 29 என்றால் இரண்டு மில்லிமீட்டர் சுவரில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். அந்த ஃபிரேமை நான் தொட மாட்டேன்.

கடைசியாக விரிசல். சீட் தாங்கும் கம்பிகளின் வெல்டிங், பேரிங் ஹவுசிங், பிரேக் மாட்டும் இடம், ஸ்டியரிங் கம்பி தாங்கி, கிங்பின் பொருந்தும் சி வடிவத் துண்டு பைப்போடு சேரும் மூலை ஆகியவற்றில்தான் முதலில் விடும். பெயின்ட்டில் மயிரிழை போல ஒரு கோடு, அதிலிருந்து கசியும் துருக்கறை, இரண்டும் அபாய அறிகுறி. வெல்டிங் சாமான் விற்கும் கடைகளில் டை பெனட்ரன்ட் ஸ்பிரே கிடைக்கும். சந்தேகப்படும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, சிவப்புத் திரவத்தை அடித்துப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள், பிறகு வெள்ளைப் பூச்சை அடியுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும்பும். விற்கிறவர் பெயின்ட்டைச் சுரண்ட விடவில்லை என்றால், அந்த ஃபிரேம் வேண்டாம்.

வளைந்ததைக் கேஸ் கட்டரால் சூடாக்கி நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். சூடுபட்ட இடத்தில் குரோமோலியின் குணம் மாறிவிடும். சின்னக் கோணலை ஜிக்கில் (அசையாமல் பிடித்துவைக்கும் சட்டத்தில்) பூட்டி, குளிர்ந்த நிலையிலேயே அழுத்தி நிமிர்த்துபவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

படி 5: உதிரி பாகம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோனி கார்ட், சி.ஆர்.ஜி., பிரேல் ஆர்ட் என்று இத்தாலியத் தயாரிப்புகளின் பெயர்கள் காதில் விழும். எல்லாமே நல்ல ஃபிரேம்கள்தான். ஆனால் பந்தயத்தன்று காலை முன்சக்கரம் பூட்டும் ஸ்டப் ஆக்ஸில் வளைந்தால் அதே அளவு பாகம் அந்தப் பேடாக்கில் (வண்டிகளைத் தயார்செய்யும் இடத்தில்) யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். பத்துப் பேரில் ஆறு பேர் ஓட்டும் ஃபிரேமை வாங்கினால் பாகமும் கிடைக்கும், செட்டிங் சொல்லித்தர ஆளும் கிடைப்பார்கள்.

சொந்தமாகக் கட்ட நினைக்கும் மாணவர்களுக்கு

நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் மாணவர் போட்டிகளுக்காக ஃபிரேமைத் தாங்களே வெல்டிங் செய்கிறார்கள். சந்தோஷமாக இருக்கிறது. அவர்கள் அடிக்கடி வழுக்குவது பைப் கடையில். "ஒரு இஞ்ச் பைப்" என்று கேட்டால் தண்ணீர்க் குழாய்க் கணக்கில் 25 என்.பி. (பெயரளவு உள்விட்டம் 25 மி.மீ.) பைப்பைத் தருவார்கள். அதன் வெளிவிட்டம் 33.7 மி.மீ. நீங்கள் கம்ப்யூட்டரில் வரைந்ததோ 25.4. வெளிவிட்டத்தையும் சுவர் தடிமனையும் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுத்து, வெர்னியரால் அளந்து வாங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் வேண்டவே வேண்டாம். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் புகை கிளம்பிக் காய்ச்சலே வரும்.

ஜிக் இல்லாமல் வெல்டிங் தொடங்காதீர்கள். எல்லா மூட்டுகளிலும் முதலில் புள்ளி வெல்டிங் வைத்து, அளந்து, பிறகு இடம் ஒன்று வலம் ஒன்றாக மாற்றி மாற்றி முழு வெல்டிங் போடுங்கள். ஒரே பக்கமாகப் போட்டால் சூடு அந்தப் பக்கமே இழுத்துக் கோணலாக்கிவிடும். கட்டிய வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். கார்ட் சாலைக்கு உரிய வாகனம் இல்லை. லாரி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள்.

உப்புக் காற்று

இது நம் ஊருக்கே உரிய பாடு. தேவனாம்பட்டினத்திலோ முத்தியால்பேட்டையிலோ வீடு என்றால் ஜன்னல் கம்பி என்ன கதியாகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஃபிரேமுக்கும் அதே கதிதான், அதுவும் உள்ளிருந்து. சீட் கம்பி, போல்ட் துளைகள் வழியாக ஈரம் பைப்புக்குள் போய்த் தங்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை பெய்தபோது எத்தனை ஷெட்டுகளில் தண்ணீர் நின்றது என்று நாம் பார்த்தோம். இந்தப் பக்கத்தில் பழைய ஃபிரேம் வாங்கினால் தூக்கிச் செங்குத்தாக நிறுத்திக் குலுக்குங்கள். துருப்பொடி கொட்டினாலோ தண்ணீர்ச் சத்தம் கேட்டாலோ விட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு, துளைகள் வழியாகக் கொஞ்சம் துருத்தடுப்பு எண்ணெய் விட்டு ஃபிரேமைத் திருப்பித் திருப்பிப் பரவ விடுங்கள். தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கிப் போர்த்தாதீர்கள், உள்ளே வியர்க்கும். பழைய பருத்திப் போர்வை போதும்.

வாங்கியாயிற்று, முதல் நாள் என்ன செய்வது?

சீட். பலர் அதை உட்காரும் இடம் என்று மட்டும் நினைக்கிறார்கள். நான்கு இடங்களில் ஃபிரேமோடு போல்ட் போடப்படுவதால் அதுவும் ஃபிரேமின் ஒரு பகுதி. இடுப்பை இறுகப் பிடிக்கும் அளவில் வாங்குங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அளவில் பொருத்துங்கள். போல்ட் துளை பொருந்தவில்லை என்று சீட்டை வளைத்து இழுத்து மாட்டாதீர்கள். இடைவெளிக்கு வாஷர் கொடுங்கள். இழுத்து மாட்டினால் நிற்கும்போதே ஃபிரேம் முறுகியிருக்கும். பிறகு நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் தராசு வைத்து, நீங்கள் முழு உடுப்போடு உட்கார்ந்து எடை பாருங்கள். முன்பக்கம் சுமார் 43, பின்பக்கம் 57 சதவீதம் என்பது நல்ல தொடக்கம்.

இருங்காட்டுக்கோட்டைக்குக் குட்டி யானையில் ஏற்றிப் போகும்போது ஃபிரேம் பைப்பின் குறுக்கே ராட்செட் பெல்ட்டைப் போட்டு முறுக்கோ முறுக்கென்று முறுக்கிக் கட்டாதீர்கள். நான்கு சக்கரங்களையும் தனித்தனியாகக் கட்டுங்கள். டிராக்கில் முதல் நாள் கேஸ்டர், ஆக்ஸில், டார்ஷன் பார் எதையும் தொடாதீர்கள். டயர் காற்றை மட்டும் சரிபார்த்து இருபது சுற்று ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும், எந்த வளைவில் வண்டி மூக்கை நீட்டியது, எதில் வாலை வீசியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டாம் முறை போகும்போது ஒரே ஒரு மாற்றம் செய்து அதே இருபது சுற்றை ஓட்டுங்கள்.